கழுதை நின்ற இடம்

மன்னார்க் கழுதைகளுக்கு வெட்கம் என்று ஒன்று கிடையாது. கடையோ, பஸ் நிற்கிற இடமோ, பள்ளிக்கூடமோ, நினைத்த இடத்தில் வந்து நிற்கும். தோட்டவெளிப் பள்ளிக்கூடத்தில் ஆண்டு மலருக்காக எல்லோரும் சேர்ந்து படம் எடுத்த அன்றும் ஒன்று வந்து நின்றது. விரட்டிப் பார்த்தார்கள். அது அசையவே இல்லை. கடைசியில் பிள்ளைகள்தான் இரண்டு பக்கமும் விலகி நின்றார்கள்.

இப்போது அந்தப் படம் கணினித் திரையில் மலரின் நடுப்பக்கங்கள் இரண்டையும் நிறைத்துக்கொண்டு கிடந்தது. கழுதையை மட்டும் காணவில்லை.

"கழுதை எங்க ரீச்சர்?" என்று கேட்டாள் ஜெனுஷா. ஏழாம் வகுப்பில் படிப்பவள். மலர் வேலைக்கு உதவ வந்திருந்தாள்.

அஞ்சலா ரீச்சர் திரையின் ஓரத்தில் இருந்த குட்டிக் கண் அடையாளத்தைத் தட்டினார். 'நன்றி' என்று தலைப்புப் போட்ட வெள்ளைப் பெட்டி மறைந்தது. அதற்கு அடியில் பல்லை இளித்துக்கொண்டு கழுதை!

"இது லேயர் லேயரா இருக்கு பிள்ளை. கண்ணாடித் தாளுகளை ஒண்டுக்கு மேல ஒண்டு அடுக்கின மாதிரி. அடித்தாளில படம், மேல்தாளில பெட்டி. கண்ணை மூடினா அந்தத் தாள் தெரியாது. அதிபர் கழுதையைக் கண்டா என்னைத்தான் பேசுவார். அதுதான் பெட்டியைப் போட்டு மூடினனான்."

ரீச்சர் அந்தப் பக்கங்களைச் சின்னதாக ஒரு தாளில் அச்செடுத்துக் கொடுத்தார். ஜெனுஷா அதைப் புத்தகம் போல நடுவில் மடித்தாள். பிறகு விரித்தாள். அவளுடைய முகம் வாடிப்போனது.

மடிப்பு, ரஜிதாவின் மூக்கின் மேல் விழுந்திருந்தது.

"ரீச்சர், ஸ்டேப்ளர் பின் எதில அடிப்பினம்?"

"அந்த மடிப்பிலதான். ஏன்?"

ரஜிதா போன வருடம்தான் முருங்கனிலிருந்து வந்து ஜெனுஷாவின் வகுப்பில் சேர்ந்தவள். போன வருட மலரில், நிரோஷனின் தலைக்குப் பின்னால் அவளுடைய ஒரு காது மட்டும்தான் தெரிந்தது. கூலி வேலைக்குப் போகிற அவளுடைய அம்மா, "இது நம்ம புள்ள" என்று அந்த ஒற்றைக் காதை அக்கம்பக்கமெல்லாம் காட்டினாராம்.

அதனால்தான் இந்த முறை ஜெனுஷாவே அவளைக் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். "நடுவில நில்லு. நடுவில நிண்டா கட்டாயம் தெரிவாய்" என்றாள். நன்றாகத்தான் நிறுத்தினாள்!

"படத்தைக் கொஞ்சம் தள்ளிப் பாப்பமே ரீச்சர்?"

"இனி ஏலாது. அடுத்த பஸ்ஸில இதை அச்சகத்துக்குக் கொண்டுபோக வேணும்."

"பஸ் வாற வரைக்கும்! ப்ளீஸ் ரீச்சர்!"

ரீச்சர் பெருமூச்சு விட்டபடி எழும்பிக் கதிரையைக் கொடுத்தார்.

ஜெனுஷா பெட்டியை மறுபடி தெரிய வைத்தாள். பிறகு படத்தை இழுத்தாள். அது கழுதையைப் போலவே அசையாமல் நின்றது. பார்த்தால், கண்ணுக்குப் பக்கத்தில் குட்டிப் பூட்டு ஒன்று. அதைத் தட்டித் திறந்தாள். படம் நகர்ந்தது. வலப்பக்கம் தள்ளினாள். மடிப்பில் அதிபர் வந்து நின்றார்.

"ஐயோ! அவற்ற மூக்கில பின் அடிச்சா என்னை வீட்ட அனுப்பிப்போடுவார்!" என்று ரீச்சர் கத்தினார்.

இடப்பக்கம் தள்ளினாள். மடிப்பில் டிலுக்சனின் கண் வந்தது. ரஜிதாவைக் காப்பாற்ற டிலுக்சனின் கண்ணில் பின் அடிப்பதா? பாவம், அவனுக்கும் ஓர் அம்மா இருக்கிறாரே.

ஆளே நிற்காத ஓர் இடம் வேண்டும். அப்படி ஓர் இடம்...

"ரீச்சர்! ஆளில்லாத இடம் இருக்கு! நீங்கள்தான் மூடி வச்சிருக்கிறியள்!"

வெள்ளைப் பெட்டியின் கண்ணை மூடினாள். படத்தை இன்னும் இடப்பக்கம் நகர்த்தினாள். கழுதையின் வயிறு நடு மடிப்பில் வந்து நின்றது. இடப்பக்க ஓரத்தில் சும்மா நின்ற பனைமரம் பக்கத்தை விட்டு வெளியே போனது. வலப்பக்க ஓரத்தில் வெறும் வெள்ளை விழுந்தது. பெட்டியைத் திரும்பவும் தெரிய வைத்து, அந்த வெள்ளைக்கு இழுத்துப் போனாள். அளந்து வைத்ததுபோல உட்கார்ந்தது.

ரீச்சர் சிரித்தேவிட்டார். "சரி, அதிபர் கேட்டா?"

"'பின் உங்கட மூக்கிலயோ, கழுதையின்ர வயித்திலயோ?' எண்டு கேளுங்கோ."

வெளியே பஸ் ஹோன் அடித்தது. ரீச்சர் பென்டிரைவோடு ஓடினார்.

மலர் வந்த அன்று ரஜிதா நடுப்பக்கத்தை விரித்தாள். முழு முகம். முழுச் சிரிப்பு. படத்தில் தன் காதுகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

"ரெண்டும் இருக்கு, ஜெனுஷா!"

அடுத்த நாள் காலையில் அவளுடைய புத்தகப் பையிலிருந்து வாழைப்பழ வாசம் அடித்தது.

"அம்மா எல்லாருக்கும் காட்டிட்டாங்க. நீ படத்த எப்படித் தள்ளினேன்னும் சொன்னேன்" என்று ரஜிதா ஒரு பழத்தை நீட்டினாள். "இந்தா, பழம் ஒனக்கு. தோல கழுதைக்குக் குடுக்கச் சொன்னாங்க."

இருவரும் வாசலுக்கு ஓடினார்கள். அது ஏற்கெனவே வந்து நின்றது, பல்லை இளித்துக்கொண்டு.