பொழுது சாயாத ஊர்

கடைக் காலண்டருக்காக ஒதுக்கி வைத்திருந்த படங்களில் ஜூலை மாதத்துப் படத்தில் மட்டும் புதிதாக ஒன்று இருந்தது. பனிப்பாளத்தின் ஓரத்தில் வட்டமாக ஏதோ பளபளத்தது. லென்ஸில் வெயில் பட்டிருக்கும் என்று அமர்நாத் முதலில் தள்ளிவிட்டான். மனசு கேட்காமல் பெரிதாக்கிப் பார்த்தான். எவர்சில்வர் தட்டு. அதன்மேல் இன்னொரு தட்டைக் கவிழ்த்து மூடி, பனியின் மேல் யாரோ வைத்திருந்தார்கள்.

நேற்று பார்த்தபோது இது இல்லை. சத்தியமாக இல்லை.

அந்தக் கப்பல் பயணத்துக்கு அவன் இரண்டு வருஷம் திட்டம் போட்டான். நார்வேக்கும் வடக்கே, பனிக்கடலில், கரடியையும் பனிமலையையும் படம் பிடிப்பதற்கென்றே போகிற சின்னக் கப்பல். ஆரணியில் பட்டுக்கடை வைத்திருப்பவனுக்கு எதற்கு இந்தக் கிறுக்கு என்று சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். அம்மா தர்மாம்பாள் சிரிக்கவில்லை. சாப்பாட்டு அறைத் தரையில் அவன் வரைபடத்தை விரித்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“அங்க பொழுது எப்பப்பா சாயும்?”

ஜைன வீடு. விளக்கு வைத்த பிறகு யாரும் வாயில் ஒரு பருக்கை போடுவதில்லை. அப்பா போன பிறகு அம்மா அதோடு இன்னொரு நோன்பையும் சேர்த்துக்கொண்டாள். மகன் சாப்பிட்டான் என்று தெரிந்தால்தான் அவள் சாப்பிடுவாள். சாயங்காலம் கடையிலிருந்து அவன் போன் செய்து “ஆச்சும்மா” என்பான். அந்த ஒரு வார்த்தைக்காகத் தட்டு மூடியே இருக்கும். அவன் மறந்து பொழுது சாய்ந்துவிட்டால் பட்டினி. ஆனால் அந்த நாள் அதோடு முடிந்துவிடும், காலையில் கஞ்சி குடித்துவிடுவாள்.

நான் போகிற மாசத்தில் அங்கே பொழுது சாயவே சாயாது, நடு ராத்திரியிலும் வெயில்தான் என்று பெருமையாகச் சொன்னான். அப்படியென்றால் அவசரமில்லை, நீ எப்போது சொன்னாலும் நான் சாப்பிடலாம் என்றாள் அம்மா. அவள் வேடிக்கைக்குச் சொல்லவில்லை என்பது அவனுக்கு உறைக்கவே இல்லை.

கப்பல் ஏறிய பிறகு அவன் ஒரு நாளும் போன் செய்யவில்லை. அவன் இருந்த இடத்தில் பொழுது சாயவில்லை, அதனால் அவளுக்கு அந்த நாள் முடியவும் இல்லை. ஆரணியில் விடிந்து விடிந்து இருட்டியது. அவள் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டு மூடிய தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். தங்கை மஹிமா போளூரிலிருந்து ஓடி வந்து, அவன் மனைவியோடு சேர்ந்து கெஞ்சிப் பார்த்து, கடைசியில் அவனுக்குச் செய்தி அனுப்பினாள்: ‘நீ சொன்னாதான் சாப்பிடுவேன்னு அம்மா உக்காந்துகினு இருக்காங்கண்ணா. ஒரே ஒரு வார்த்தை பேசு.’

செய்தி வந்தது. படித்தான். வெயில் தாழ்ந்து பனியெல்லாம் பொன்னாகியிருந்த நேரம், கீழே ரப்பர் படகு காத்திருந்தது, தூரத்தில் ஒரு கரடி. போனைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு இறங்கினான். அப்போது எடுத்ததுதான் அந்த ஜூலைப் படம். திரும்பி வந்தபோது களைப்பு, தூக்கம், நாளைக்குப் பேசலாம் என்ற நினைப்பு. அடுத்து வந்தது சாவுச் செய்தி.

சிக்னலே இல்லை மஹி என்று அழுதான். அவள் நம்பினாள். பாவி, அழுகையில் மட்டும் பொய் இல்லை.

இப்போது வீட்டில் அவன் மட்டும்தான். மனைவி வெம்பாக்கத்தில் பிறந்த வீட்டுக்குப் போயிருந்தாள். பின்தெருவில் தறிகள் சாயங்காலம் நிற்கும்வரை அடித்துக்கொண்டிருந்தன. அவை ஓய்ந்து, சாயத்தண்ணீரின் புளித்த வாடையும் அடங்கி, ஆட்கள் செருப்பை இழுத்துக்கொண்டு போன சத்தமும் தேய்ந்து வெகுநேரம் ஆகியிருந்தது. ஆகஸ்டைத் திறந்தான். அதே தட்டு. தட்டுக்குப் பின்னால் நூல் புடவையில் ஒரு முதுகு. பட்டுக்கடைக்காரன் அம்மாவாக இருந்தும் உடம்பில் ஒரு நாளும் பட்டு படவிடாதவளின் முதுகு.

கணினியை மூடினான். அறை இருட்டவில்லை.

அப்போதுதான் ஜன்னலைப் பார்த்தான். வெள்ளை வெயில். சாய்வாக, சூடே இல்லாமல், எதிர்வீட்டுச் சுவரில் அப்படியே நின்றது. தெருவில் ஒரு நாய்கூட இல்லை.

மஹிமாவுக்குப் போன் போட்டான். அங்கே இருட்டிவிட்டதா என்று கேட்டான்.

“எப்பவோ இருட்டிடுச்சுண்ணா. படுக்கப் போறோம். ஏன், இன்னா ஆச்சு?”

இதற்குமேல் சுமக்க முடியாது.

“மஹி, அன்னிக்கு சிக்னல் இருந்துச்சு. உன் மெசேஜைப் பாத்தேன். பாத்துட்டுதான் பேசாம இருந்தேன்.”

“அண்ணா? ஒண்ணும் கேக்கலையே. சிக்னல் இல்லபோல...”

அறுந்தது. உடனே மணி அடித்தது. திரையில் ‘அம்மா’.

அம்மாவின் போன் பீரோவுக்குள் இருக்கிறது. சிம்கூட இல்லை.

எடுத்தான்.

“சாப்டியாப்பா?”

குரல் காதில் கேட்டது. சாப்பாட்டு அறையிலிருந்தும் கேட்டது.

போனான். கால் வைத்த தரை சில்லிட்டது. மூச்சு புகையாக வந்தது.

அம்மா சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். காதில் போன். மடிக்கு முன்னால் மூடிய தட்டு. கன்னம் ஒட்டி, பல்லின் வரிசை தோலுக்கு மேலேயே தெரிந்தது. இமையில் பனி.

“ஆச்சும்மா,” என்றான்.

அவள் தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

“ஆச்சும்மா! சாப்ட்டேன்! நீ சாப்பிடும்மா!”

அவள் முகத்துக்கு நேரே முழங்கால் போட்டுக் கத்தினான். அவள் பார்வை அவனைத் தாண்டி ஜன்னலுக்குப் போனது. தட்டின் மேல் இருந்த விரல், எலும்பு மட்டும் மிஞ்சிய விரல், மூடியைக் கொஞ்சம் தூக்கி, மறுபடி மூடியது.

“கேக்கலையேப்பா,” என்றாள், கோபமே இல்லாமல். “சிக்னல் இல்லபோல. பரவால்ல, நீ மெதுவா சொல்லு. நான் உக்காந்துகினு இருக்கேன். இன்னும் பொழுது இருக்குதே.”