ஏழாம் நம்பர் கட்டில் கிளம்பிவிட்டது

எங்கள் அப்பா ஒரு நாளைக்கு இருபது வார்த்தை பேசினால் அதிகம். அதில் பதினைந்து "ம்" ஆக இருக்கும்.

"அப்பா, பேச்சுப் போட்டியில எனக்குத்தான் முதல் பரிசு!"

"ம்."

"யார் வீட்டுப் பொண்ணுன்னு டீச்சர் கேட்டாங்க. சொன்னா நம்பவே மாட்டேங்கறாங்க."

"ம்... நல்லது."

"ம்" என்றால் காதில் விழுந்தது என்று அர்த்தம். "ம்... நல்லது" என்றால் ரொம்ப சந்தோஷமாக இருக்கிறார் என்று அர்த்தம். இதையெல்லாம் எனக்கு அம்மாதான் சொல்லிக் கொடுத்தாள். "வாயைத் திறந்தா முத்தா உதிர்ந்துடும்?" என்று அவளும் எத்தனையோ முறை கேட்டுப் பார்த்துவிட்டாள்.

அப்பா பஸ் டிரைவர். என் பள்ளிக்கூடம் வழியாகப் போகிற பஸ் அவருடையதுதான். அவர் விடிவதற்கு முன்பே டிப்போவுக்குப் போய்விடுவார். நான் எட்டே காலுக்கு எங்கள் தெருமுனையில், மூன்றாவது ஸ்டாப்பில் ஏறுவேன். ஏறும்போது "அப்பா!" என்று கூப்பிடுவேன்.

அவர் திரும்பவே மாட்டார். ஒரு "ம்" கூடக் கிடையாது. ரோட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்.

ஒரு நாள் என் வகுப்பிலிருக்கும் வானொலி இதைக் கவனித்துவிட்டாள். எந்தச் செய்தி கிடைத்தாலும் ஊர் முழுக்க ஒலிபரப்புவதால் அவளுக்கு அந்தப் பெயர்.

"ஏய், அது நிஜமாவே உங்கப்பாதானா? திரும்பிக்கூடப் பார்க்கலையே!" என்று சத்தமாகக் கேட்டாள்.

பஸ்ஸில் பாதிப் பேர் சிரித்தார்கள். எனக்கு அழுகையாக வந்தது. அன்றிலிருந்து நான் முன்பக்கம் உட்காரவில்லை. ஏறியதும் விறுவிறுவென்று கடைசி சீட்டுக்குப் போய்விடுவேன். வீட்டிலும் அப்பாவோடு பேசுவதில்லை என்று முடிவு செய்தேன். ஒரு வாரம் பேசவில்லை.

பேசாத மனிதரோடு பேசாமல் இருந்தால் அது அவருக்கு எப்படித் தெரியப்போகிறது? இந்தச் சின்ன விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை.

அந்த வாரக் கடைசியில் அப்பா டிப்போவில் வழுக்கி விழுந்தார். வலது தோளில் தசைநார் கிழிந்துவிட்டது. ஆபரேஷன் செய்துதான் ஆக வேண்டும் என்றார்கள்.

ஆபரேஷன் முடிந்ததும் டாக்டர் வெளியே வந்தார். மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் ஏற்றி வைத்துக்கொண்டு அம்மாவிடம் சொன்னார்.

"நல்லபடியா தைச்சிருக்கோம். ஆனா ஆறு வாரத்துக்கு அந்தக் கையைத் தூக்கவே கூடாது. வேகமா ஆட்டினா தையல் பிரிஞ்சிடும். அப்புறம் அவர் ஸ்டியரிங் பிடிக்கிறது சந்தேகம்தான்."

அப்பாவுக்கு பஸ் ஓட்டுவதைத் தவிர வேறு எதுவும் பிடிக்காது. லீவு நாளில்கூட ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, போகிற பஸ்ஸின் சத்தத்தைக் கேட்டுவிட்டு, "கிளட்ச் சரியில்ல" என்பார். அவருடைய இருபது வார்த்தையில் அதுவும் சேர்த்தி.

அப்பாவை வார்டுக்குக் கொண்டுவந்து ஏழாம் நம்பர் கட்டிலில் படுக்க வைத்தார்கள். வலது கையை மடித்து, உடம்போடு சேர்த்துப் பட்டை போட்டுக் கட்டியிருந்தார்கள். இடது கையில் சலைன் ஏறிக்கொண்டிருந்தது. அம்மா மருந்து வாங்கக் கீழே போனாள். நானும் சின்ன மாமாவும் பக்கத்தில் இருந்தோம்.

கொஞ்ச நேரத்தில் அப்பா கண்ணைத் திறந்தார். என்னைப் பார்த்தார். மாமாவைப் பார்த்தார். வார்டு முழுவதையும் ஒரு சுற்று பார்த்தார்.

"உள்ள போங்க, உள்ள போங்க! உள்ளதான் அவ்வளவு இடம் இருக்கே!" என்று கத்தினார்.

அப்பாவுக்கு இவ்வளவு பெரிய குரல் இருப்பது எனக்கு அன்றுதான் தெரியும்.

அப்பா எழுந்து உட்கார்ந்தார். இடது கையால் சலைன் ஸ்டாண்டைப் பிடித்தார். 'டக்'கென்று அதை முன்னால் தள்ளினார்.

"பர்ஸ்ட் கியர்," என்றார் மாமா மெதுவாக.

அப்பா ஸ்டாண்டைப் பின்னால் இழுத்தார். செகண்ட் கியர். பாட்டில் கிடுகிடுவென்று ஆடியது. ஏழாம் நம்பர் கட்டில் கிளம்பிவிட்டது!

எதிர்க் கட்டிலில் காலில் மாவுக்கட்டு போட்டிருந்த தையல்காரரைப் பார்த்து, "சார், காலை உள்ள இழுங்க! வழியில நீட்டினா மத்தவங்க எப்படிப் போறது?" என்று அதட்டினார்.

"இழுக்க முடிஞ்சா நான் ஏன்யா இங்க படுத்திருக்கேன்?" என்றார் தையல்காரர்.

வார்டே சிரித்தது. மாமா கட்டிலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு சட்டென்று போனை எடுத்து வீடியோ பிடிக்க ஆரம்பித்தார்.

எனக்கும் சிரிப்பு வந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அடுத்த நிமிடமே போய்விட்டது. ஏனென்றால் அப்பாவின் வலது கை பட்டைக்குள் முண்ட ஆரம்பித்திருந்தது. ஸ்டியரிங்கைப் பிடிக்கப் பார்க்கிறார்!

"சிஸ்டர்! சிஸ்டர்!" என்று கத்தினேன்.

நர்ஸ் ஓடிவந்தார். "மயக்க மருந்து தெளியும்போது சிலருக்கு இப்படித்தான் இருக்கும், பயப்படாதே. போன வாரம் ஒருத்தர் முழிச்சதும் என்கிட்ட மூணு நாள் லீவு கேட்டார்," என்றபடி அப்பாவின் தோளை மெதுவாகப் பிடித்தார். "ஐயா, கையை ஆட்டாதீங்க. படுங்க."

"வண்டி ஓடும்போது டிரைவர்கிட்ட பேசக்கூடாதும்மா. போர்டு போட்டிருக்கோம்ல?" என்றார் அப்பா.

"மச்சான், கையை விடுங்க!" என்றார் மாமா. அப்பா அவர் பக்கம் திரும்பவே இல்லை.

"அப்பா! அப்பா!" என்று கூப்பிட்டேன். அதற்கும் திரும்பவில்லை. பஸ்ஸில் இருப்பது போலவே நேராக எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பட்டையின் ஒரு முனை அவிழ்ந்துவிட்டது.

"அழுத்திப் பிடிச்சா இன்னும் இழுப்பார்," என்றார் நர்ஸ். அவர் முகத்தில் இப்போது சிரிப்பு இல்லை.

பஸ்ஸில் அப்பா யார் சொன்னால் கேட்பார்? நான் கூப்பிட்டால் கேட்க மாட்டார். பயணிகள் கத்தினால் கேட்க மாட்டார். கண்டக்டர் ஒருவர் சொன்னால்தான் கேட்பார். அவரும் வாயால் சொல்ல மாட்டார். ஒரு விசில் கொடுத்தால் நிற்க வேண்டும். இரண்டு விசில் கொடுத்தால் கிளம்ப வேண்டும்.

உதட்டைக் குவித்து ஊதினேன். முன்பல் விழுந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. வெறும் காற்றுதான் வந்தது.

வார்டு வாசலுக்கு ஓடினேன். அங்கே நின்ற வாட்ச்மேன் கழுத்தில் ஒரு விசில் தொங்கியது.

"அண்ணா, விசிலைக் குடுங்க! சீக்கிரம்!"

"ஆஸ்பத்திரியில விசில் ஊதக் கூடாது பாப்பா."

"அப்புறம் ஏன் மாட்டியிருக்கீங்க?"

"கீழே கார் நிறுத்துறவங்களுக்கு."

"எங்கப்பா மேலேயே பஸ் ஓட்டிக்கிட்டிருக்கார்!"

அவர் கழுத்தை நீட்டி வார்டுக்குள் எட்டிப் பார்த்தார். அப்பா அப்போது வலது முழங்கையைப் பட்டைக்கு வெளியே எடுத்துக்கொண்டிருந்தார். உடனே வாட்ச்மேன் விசிலைக் கழற்றி என் கையில் கொடுத்து, "மெதுவா ஊது," என்றார்.

நான் ஓடிப்போய் அப்பாவின் கட்டிலுக்குப் பின்னால் நின்றேன். கண்டக்டர் பின்னால்தானே நிற்பார்?

பீ...ப்!

அப்பா சட்டென்று நிமிர்ந்தார். காலால் போர்வைக்குள் எதையோ அழுத்தினார். சலைன் ஸ்டாண்டை நடுவில் கொண்டுவந்து நிறுத்தினார். இரண்டு கைகளும் மெல்லத் தளர்ந்தன. பஸ் நின்றுவிட்டது.

நர்ஸ் கண் இமைப்பதற்குள் முழங்கையைப் பிடித்து மடக்கி, பட்டையைச் சுற்றிக் கட்டினார். தோளைத் தொட்டுப் பார்த்து, "தப்பிச்சோம்," என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

ஆனால் அப்பா படுக்கவில்லை. "கண்டக்டர், ரெண்டு விசில் குடுத்துடாதே. இன்னும் ஒரு ஆள் ஏறல," என்றார்.

நான் குரலைக் கொஞ்சம் தடித்த குரலாக மாற்றிக்கொண்டேன். "யாரு சார்?"

"என் பொண்ணு. மூணாவது ஸ்டாப். நீலப் பை. ரெட்டை ஜடை போட்டிருப்பா, அதுல ஒண்ணு எப்பவும் அவிழ்ந்துதான் இருக்கும்."

என் கை தானாக ஜடைக்குப் போனது. ஒன்று அவிழ்ந்துதான் இருந்தது.

"அவ கம்பியைப் பிடிச்சுட்டாளான்னு கண்ணாடியில பார்த்துட்டுத்தான் நான் வண்டியை எடுப்பேன். ஒரு வாரமா கடைசி சீட்டுக்குப் போயிடறா. கண்ணாடியில தெரியறதே இல்ல. தலையை இப்படியும் அப்படியும் சாய்ச்சுச் சாய்ச்சு எனக்குக் கழுத்து வலிக்குது."

எதிர்க் கட்டிலில் தையல்காரர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார்.

அதே தடித்த குரலில் கேட்டேன். "அவ அப்பான்னு கூப்பிடறாளே, ஏன் சார் திரும்ப மாட்டேங்கறீங்க?"

"திரும்பினா சிரிச்சுடுவேன்," என்றார் அப்பா. "சிரிச்சா ரோட்டுல கவனம் போயிடும். பின்னாடி அறுபது பேர் உட்கார்ந்திருக்காங்களே... அவகிட்ட இதைச் சொல்லிடாதே, கண்டக்டர்."

"சொல்ல மாட்டேன் சார்."

"ஏறிட்டாளா?"

நான் கட்டிலின் தலைமாட்டுக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். "ஏறிட்டா சார். கம்பியைப் பிடிச்சுட்டா."

அப்பாவின் முகம் தெளிந்தது. சலைன் ஸ்டாண்டை நோக்கிக் கை போவதைப் பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. மறுபடி கிளம்பினால் என்ன செய்வது? ஆகவே அவசரமாகச் சொன்னேன். "சார், டிப்போ வந்தாச்சு! இதான் கடைசி ஸ்டாப். எல்லாரும் இறங்குங்க!"

"நான் இறங்கிட்டேன்பா!" என்று குரல் கொடுத்தார் தையல்காரர், மாவுக்கட்டோடு படுத்தபடியே.

"நானும் இறங்கிட்டேன்," என்றார் நர்ஸ்.

அப்பா இடது கை விரல்களால் சாவியைத் திருகி எஞ்சினை அணைத்தார். பெருமூச்சு விட்டார். தலையணையில் சாய்ந்து அப்படியே தூங்கிப்போனார்.

மாமா போனைப் பார்த்துக் கெக்கெக்கே என்று சிரித்தார். "முழுசா எடுத்துட்டேன்! டிப்போ குரூப்புல போட்டா உருண்டு உருண்டு சிரிப்பாங்க."

"மாமா, அப்பாகிட்ட கேட்டீங்களா?"

"அவர்தான் மயக்கத்துல இருக்காரே."

"அப்போ முழிச்சதும் கேளுங்க. சரின்னா போடுங்க."

மாமா என்னைப் பார்த்தார். தூங்குகிற அப்பாவைப் பார்த்தார். மறுபடி போனைப் பார்த்தார். "அவரா சரிங்கப் போறார்?" என்று முனகிவிட்டு வீடியோவை அழித்தார். "நல்ல காமெடி, போச்சு," என்று ஒரு வருத்தம் மட்டும் அவருக்கு இருந்தது.

சாயங்காலம் அப்பா நிஜமாகவே விழித்துக்கொண்டார். தண்ணீர் குடித்தார். சுற்றிலும் எல்லோரும் தன்னைப் பார்த்துப் புன்னகைப்பதைக் கவனித்தார். தையல்காரர் வேறு சலாம் வைத்தார்.

அப்பா என்னை அருகில் கூப்பிட்டார். "நான் ஏதாவது... உளறினேனா?"

அவர் காது மடலெல்லாம் சிவந்திருந்தது. என்ன சொல்வது என்று ஒரு நிமிடம் யோசித்தேன். பொய் சொல்லவும் மனசில்லை, கண்டக்டரிடம் சொன்னதை வெளியே சொல்லவும் மனசில்லை.

"பஸ் ஓட்டினீங்க," என்றேன்.

"எங்கேயாவது இடிச்சேனா?"

"இல்லப்பா."

"லேட்டா?"

"ரெண்டு நிமிஷம்."

"ஏன்?"

"ஒருத்தர் ஏற வேண்டியிருந்தது."

அப்பா என் அவிழ்ந்த ஜடையைப் பார்த்தார். "ஏறிட்டாங்களா?"

"ஏறிட்டாங்க."

"ம்... நல்லது," என்றார் அப்பா.

நான் போய் விசிலைக் கழுவித் துடைத்து வாட்ச்மேனிடம் கொடுத்தேன்.

அப்பாவின் கை குணமாக மூன்று மாதத்துக்கு மேல் ஆயிற்று. தினமும் சுவரில் விரல்களால் நடந்து நடந்து கையை உயர்த்தப் பழகினார். அவர் விரல் எட்டிய இடத்தில் நான் பென்சிலால் கோடு போடுவேன். கோடு என் உயரத்தைத் தாண்டியது. அம்மாவின் உயரத்தைத் தாண்டியது. ஒரு நாள் டாக்டர், "இனி வண்டியை எடுக்கலாம்," என்று சொல்லிவிட்டார்.

மறுநாள் எட்டே காலுக்கு மூன்றாவது ஸ்டாப்பில் பஸ் வந்து நின்றது. நான் ஏறினேன். வானொலியும் பின்னாலேயே ஏறினாள்.

"அப்பா!" என்றேன்.

அப்பா திரும்பவில்லை. நேராக ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாரேன், இன்னிக்கும் திரும்பல!" என்றாள் வானொலி.

"திரும்ப மாட்டார். வேலையா இருக்கார்," என்றேன்.

நான் கடைசி சீட்டுக்குப் போகவில்லை. டிரைவருக்கு மேலே இருக்கும் பெரிய கண்ணாடிக்கு நேராக, முன்பக்கம் என் பழைய இடத்தில் உட்கார்ந்தேன்.

பின்னாலிருந்து கண்டக்டர் இரண்டு விசில் கொடுத்தார். பஸ் நகரவில்லை. மறுபடியும் இரண்டு விசில் கொடுத்தார். அப்போதும் நகரவில்லை. "என்னாச்சு சார்?" என்று குரல் கொடுத்தார்.

நான் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். பஸ் கிளம்பியது.