இறங்கு குரல்

எந்தச் சாயங்காலம் வாத்துகள் முதலில் திரும்பிப் போயின என்று வேடியப்பனுக்கு இப்போது உறுதியாகச் சொல்ல வரவில்லை. எமர்ஜென்சி முடிந்த அடுத்த பனிக்காலம். அதுமட்டும் நிச்சயம்.

கைகளைக் குவித்து அவன் இறங்கு குரல் கொடுப்பான். "தண்ணி இருக்கு, பயமில்லை, இறங்கு" என்று அதற்கு அர்த்தம். உடைந்த முன்பல் வழியாகக் கடைசியில் ஒரு சீறல் கலக்கும். காட்டு வாத்துகள் அதைக் கேட்டு நெல்லிவாசல் ஏரியில் இறங்கும், வலை விழும். கத்தினால் மிச்சப் பறவைகள் கலைந்துவிடும் என்று, பெண்டாட்டி செல்லியையும் அதே குரலை இரண்டு முறை நீட்டியே கூடையோடு கூப்பிடுவான்.

அந்தப் பனிக்காலம் வாத்துகள் வட்டமடித்தன, தாழ்ந்தன, அடித்தொண்டையில் ஏதோ முனகிவிட்டு மேலேறிப் போயின. அந்த முனகலை அவன் கேட்டதே இல்லை. வலையை மாற்றினான். மறைவிடத்தை மாற்றினான். புகையிலையைக்கூட விட்டான். எரிச்சலில் இரவெல்லாம் அந்த முனகலையே வாயில் போட்டு மென்றான். பிடிபடவில்லை.

"இன்னாய்யா, இன்னிக்கும் வெறுங்கையா?" செல்லி சிரித்தாள். "வாத்துக்குப் புத்தி வந்துடுச்சி. உன் சத்தத்த நம்பி வந்தவ நான் ஒருத்திதான்."

மறுநாளும் அப்படியே. மலைக்குப் பின்னால் வெளிச்சம் இறங்கியது, சேறும் அழுகிய கோரையும் மணத்தன, தவளைகூடக் கத்தவில்லை. வெறுத்துப்போய்க் கைகளைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தான்.

எதிர்க்கரைக் கோரைக்குள்ளிருந்து இறங்கு குரல் கேட்டது.

கடைசியில் சீறல். அவனுடைய பல்லின் சீறல்.

தலைக்குமேல் வாத்துகள் முனகின. இப்போது புரிந்தது. எச்சரிக்கை. இத்தனை நாளும் எச்சரிக்கை.

குரல் மறுபடி வந்தது. நீட்டி. இரண்டு முறை.

எதிர்க்கரைச் சரிவில் கூடை தெரிந்தது.

"செல்லி! இங்க வா! இங்க!"

அவள் நின்றாள். கணுக்கால்வரை தண்ணீர். கோரை மெதுவாக, அன்பாகக் கூப்பிட்டது.

"இன்னாய்யா, ரெண்டு எடத்துலர்ந்து கூப்புட்ற?"

கிட்ட இருந்த குரலின் பக்கம் திரும்பினாள்.

கோரை விலகியது. மூடியது. தண்ணீர் அசையவில்லை.

கூடை கிடைத்தது. செல்லி கிடைக்கவில்லை. வேடியப்பன் சந்தவாசலில் ஒரு அரிசி மில்லில் மூட்டை தூக்குகிறான். யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. வாத்துகள் வேறு ஏரிக்குப் போய்விட்டன. பொழுது சாய்ந்தால் நெல்லிவாசல் கோரைக்குள் அந்தக் குரல் இன்னும் கேட்கிறது, சீறலோடு. கொஞ்சம் பொறுத்து, அதற்குப் பக்கத்திலேயே, ஒரு பெண்குரல்:

"வர்றேன்யா."