ரித்விக் மாமாவின் கேட்புப் பணி

நாமக்கல் புறவழிச்சாலைப் பட்டறையில் காலையிலேயே ஒரு புது லாரிக்குப் பூசை நடந்தது. லாரியை ஓட்ட ஆள் கிடையாது. தானே போய்த் தானே திரும்பும் வண்டி. ஆனாலும் சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் வைக்காமல் எந்த முதலாளியும் வண்டியை எடுப்பதில்லை. கண்ணேறு ஓட்டுநருக்கு மட்டுமா படும்? பட்டறைக்காரர் ரித்விக் சூடம் காட்டி முடித்து, சட்டைப்பையிலிருந்த கைத்திரையைத் தட்டி, அதன் ஒலிப்பானைக் காதில் செருகிக்கொண்டார்.

"கேட்பாளர் மாமாவுக்கு வணக்கமுங்க. ஏழாம் வகுப்புப் பாவாயி பேசறேன். நிலா ஏன் தேயுது, ஏன் வளருதுங்கற பாடத்துல இது மூணாவது வலையொலி."

ரித்விக்குக்கு ஐம்பது தாண்டிவிட்டது. அவர் பிறந்த காலத்தில் தெருவுக்கு நாலு ரித்விக் இருந்தார்கள். இப்போது பாவாயி, நல்லம்மா, செங்கோடன் என்று பெயர் வைப்பதுதான் நாகரிகம். அந்தச் சிறுமியின் குரலுக்குப் பின்னால் வகுப்பறையின் இரைச்சலும் கேட்டது. யாரோ யாருடைய கைத்திரையையோ எடுத்து ஒளித்துவிட்டார்கள் போலிருக்கிறது, டீச்சர் அதட்டிக்கொண்டிருந்தார்.

பாதிப் பாடத்தில் பெயிண்ட் வியாபாரி வந்தான். அவனோடு விலை பேசி முடிப்பதற்குள் பாடமும் முடிந்துவிட்டது. "புரிஞ்சுதுங்களா மாமா? புரியலீன்னா சொல்லுங்க, வேற மாதிரி பேசி அனுப்பறேன்" என்று பாவாயி கேட்டாள்.

ரித்விக் பதிவுப் பொத்தானை அழுத்தினார். "நெம்ப நல்லாப் புரிஞ்சுது அம்மிணி."

மதியம் சாப்பாடு கொண்டுவந்த அவர் மனைவி சஷ்டிகா சும்மா இருக்கவில்லை. "என்னங்க, பாடம் எந்த மட்டுல இருக்குது? நிலா ஏன் தேயுதாம்?"

"பூமியோட நெழல் அது மேல விழுகுது. அதான்."

"அது கல்யாணத்துக்கு முன்னாலயே நீங்க சொன்னதாச்சே. அந்தப் புள்ள என்ன சொல்லுச்சு?"

ரித்விக் சோற்றைப் பிசைந்தார்.

"வெள்ளிக்கிழமை பரீட்ச எழுதப் போறது நீங்க. பாசாவுறதோ பெயிலாவுறதோ அந்தப் புள்ள. ஏற்கனவே ரெண்டு கேட்பாளருங்க அதைக் கவுத்துப்போட்டாங்கன்னு உங்க கைத்திரையிலயே போட்டிருக்குது. நீங்களும் கவுத்தா, கூடப் படிச்சதுங்க எல்லாம் எட்டாவதுக்குப் போவும், இது மட்டும் ஏழாவதுலயே உக்காந்திருக்கும்."

இப்போதைய பள்ளிக்கூடங்களின் சட்டமே அதுதான். பிள்ளைகள் தேர்வு எழுதுவதில்லை. ஒரு பாடத்தைப் பிள்ளை படித்து, டீச்சர் உதவியோடு வலையொலியாகத் தயாரித்து, முன்பின் தெரியாத ஒரு பெரியவருக்கு அனுப்ப வேண்டும். அந்தப் பெரியவரைக் குலுக்கல்தான் தீர்மானிக்கும். ஓட்டுப் போடுகிற வயது வந்த யாரும் தப்ப முடியாது. தேர்வு, பாடம் கேட்டவருக்கு; மதிப்பெண், பாடம் சொன்ன பிள்ளைக்கு. தனக்குப் புரிந்தது என்பதற்கு, அடுத்தவருக்குப் புரிந்ததை விடப் பெரிய சாட்சி என்ன வேண்டும் என்று சட்டம் போட்டவர்கள் நினைத்திருக்கலாம். மொத்தத்தில், பள்ளிக்கூடத்தை விட்டு ஓடிவந்த ரித்விக்கைப் பள்ளிக்கூடம் தேடிவந்து பிடித்துக்கொண்டது.

சஷ்டிகா போன பிறகு அவருக்கு வேலை ஓடவில்லை. மூன்றாம் பாகத்தை முதலிலிருந்து கேட்டார். இருட்டறையில் ஒரே ஒரு விளக்கு, அது சூரியன். நீட்டிய கையில் பந்து; அது நிலா. பார்ப்பவர் தலைதான் பூமி. நின்ற இடத்திலேயே மெல்லச் சுற்ற வேண்டும். பட்டறையில் பந்துக்கு எங்கே போவது? பூசைக்கு வாங்கியதில் மிச்சமிருந்த எலுமிச்சம்பழத்தை எடுத்துக்கொண்டு, சன்னலில்லாத பெயிண்ட் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார்.

விளக்கைப் பார்த்துப் பழத்தை நீட்டினார். அவர் பக்கம் தெரிந்த முகம் இருட்டு. அமாவாசை. சரிதான். கால்வட்டம் திரும்பினார். பழத்தின் பாதி மட்டும் மினுங்கியது, வானத்தில் பார்க்கிற அதே அரைநிலா. நிழல் கிழல் எதுவும் அதன்மேல் விழவில்லை. வெளிச்சம் பட்ட பக்கத்தில் பாதிதான் அவர் கண்ணுக்குத் தெரிந்தது, அவ்வளவுதான். ரித்விக் வாய்விட்டுச் சிரித்தார். இத்தனை வருசம் இது தெரியாமலா நிலாவைப் பார்த்துக்கொண்டிருந்தோம் என்று ஆச்சரியமாக இருந்தது. இன்னும் கால்வட்டம் திரும்பி, விளக்குக்கு முதுகு காட்டி நின்றார். இங்கேதான் பௌர்ணமி என்று பாவாயி சொல்லியிருந்தாள். ஆனால் அவருடைய மண்டையின் நிழல் விழுந்து பழம் கன்னங்கரேலென்று இருந்தது. மறுபடி சுற்றினார், மறுபடியும் அதே கதைதான்.

அவர் கைத்திரையை எடுத்தார். புரிஞ்சுது என்று சொல்லிவிட்டுப் போவது அவருக்குக் கைவந்த கலை. வங்கி மேலாளர் வட்டிக் கணக்குச் சொன்னபோதும், டாக்டர் மருந்துச் சீட்டைப் படித்துக் காட்டியபோதும், லாரிக் கம்பெனி இன்ஜினியர் படம் போட்டு விளக்கியபோதும் தலையாட்டியே காலத்தை ஓட்டியவர். பட்டறை வைத்து நாலு பேருக்கு வேலை கொடுக்கிறவன் எனக்குப் புரியலை என்றால் மரியாதை என்ன ஆவது? அதுவும் ஒரு பொடிசிடம். ஆனால் அந்தப் பொடிசு ஏழாவதிலேயே உட்கார்ந்திருப்பதை நினைத்ததும் விரல் பதிவுப் பொத்தானுக்குப் போனது.

"அம்மிணி," என்று ஆரம்பித்தார். "எனக்குப் புரியலை. நீ பௌர்ணமிங்கற எடத்துல எனக்கு அமாவாசையா இருக்குது."

பதில் உடனே வந்தது. பாடம் அல்ல; ஒரே கூச்சல். "டீச்சர், என்ற கேட்பாளருக்குப் புரியலையாம்." வகுப்பே கைதட்டியது. ரித்விக்குக்கு முகம் சுருங்கிவிட்டது. சிரிக்கிறார்களே என்று நினைப்பதற்குள் பாவாயி மூச்சு வாங்கப் பேசினாள்.

"கோவிச்சுக்காதீங்க மாமா. எனக்கு முன்னாடி வந்த ரெண்டு பேரும் எல்லாத்துக்கும் புரிஞ்சுது, புரிஞ்சுதுன்னே சொன்னாங்க. நான் பாவம்னு சொன்னாங்களாட்ட இருக்குது. எங்க தப்புன்னு எனக்குத் தெரியவே இல்லீங்க. நீங்கதான் மொத மொதல்ல சொல்லியிருக்கறீங்க. உங்க விளக்கு எங்க இருக்குதுங்க?"

"என்ற தலை மட்டத்துக்கு, செவுத்துல."

பாவாயிக்குச் சட்டென்று பிடிபட்டது. "எங்க வூட்ல விட்டத்துல தொங்குதுங்க. வெளிச்சம் தலைக்கு மேலாப்புல வந்துருது. அதான் எனக்கு நெழலே விழல. மாமா, பந்தை உங்க தலைக்கு மேல சித்தத் தூக்குங்க."

தூக்கினார். இருட்டறையில் எலுமிச்சம்பழம் முழு வட்டமாக, மஞ்சளாக நின்றது. அது எலுமிச்சம்பழம்தான் என்று அவருக்குத் தெரியும். இருந்தும் கண் கலங்கியது.

"நெசமான நிலாவும் அப்படித்தானுங்க. முக்காவாசி நம்ம நெழலுக்கு மேலயோ கீழயோ தப்பிச்சுப் போயிரும். எப்பவாச்சும் உள்ள மாட்டுனா, அன்னிக்குத்தான் சந்திர கிரகணம்."

அதற்கப்புறம் ரித்விக்கைப் பிடிக்க முடியவில்லை. பகலில் நிலா ஏன் தெரிகிறது, பிறை ஏன் சாய்கிறது என்று கேள்வியாக அனுப்பித் தள்ளினார். பாவாயி முதல் பாகத்திலிருந்து எல்லாவற்றையும் திரும்பப் பேசினாள்.

வெள்ளிக்கிழமை பள்ளியில் பெரியவர்கள் குட்டி பெஞ்சுகளில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். பிள்ளைகள் தண்ணீர் பாட்டிலும் முறுக்குமாகச் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். "பதறாம எழுதுங்க அத்தை" என்று ஒருவன் தன் கேட்பாளருக்குத் தைரியம் சொன்னான். ரெட்டைச்சடை போட்ட ஒரு சிறுமி மட்டும் ரித்விக்கையே பார்த்தாள், நகத்தைக் கடித்தாள். அவள் யாரென்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

படம் வரையும் கேள்வியில் இரண்டு முறை அழித்து வரைந்தார். ஒரு பிறையைத் திருப்பிப் போட்டுவிட்டோமோ என்ற சந்தேகம் கடைசிவரை தீரவில்லை. நிறைய மதிப்பெண்ணுள்ள கேள்வி கடைசியில் இருந்தது: ஒவ்வொரு பௌர்ணமிக்கும் ஏன் கிரகணம் வருவதில்லை? அவர் சிரித்த சிரிப்பில் மேற்பார்வையாளர் திரும்பிப் பார்த்தார்.

சாயங்காலமே முடிவு வந்தது. ஒரு பிறை தப்புதான். ஆனால் தேர்ச்சி. பாவாயி ஓடிவந்தாள், என்ன சொல்வதென்று தெரியாமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தாள். அவரும் குதிக்காத குறைதான்.

அவளுடைய டீச்சர் தன்யா அருகில் வந்தார். "ஜெயிச்ச வலையொலிய எல்லாப் பள்ளிக்கும், கேக்கறவங்க எல்லாருக்கும் அனுப்புவமுங்க. அதுல உங்க கொரலும் இருக்குது. அந்தப் புரியலைங்கற எடத்தை வேண்டாம்னா எடுத்தர்றோம்."

நாமக்கல் பட்டறைகள் அத்தனையிலும் அது ஒலிக்கும் என்று ரித்விக்குக்குத் தெரியும். ஆனால் அந்த இடத்தை எடுத்துவிட்டால் மிஞ்சுவது இரண்டு பேரைக் கவிழ்த்த அதே பழைய பாடம்தான்.

"இருக்கட்டும்ங்க" என்றார்.

வலையொலி ஊரெல்லாம் போன அடுத்த வாரமே வினை ஆரம்பித்தது. கூட்டுறவுச் சங்கத்தில் தலைவர் அறிக்கை வாசித்தபோது மூன்று பேர் கை தூக்கிப் புரியலீங்க என்றார்களாம். ஆஸ்பத்திரியில் ஒருவர் டாக்டரையே இன்னொரு தடவை சொல்லச் சொல்லியிருக்கிறார். வெட்கப்பட்டு அடக்கி வைத்திருந்ததையெல்லாம் ஊர் சிரித்துக்கொண்டே கேட்டது.

பட்டறையிலும் அது வந்து சேர்ந்தது. வெல்டர் ஜஸ்வந்த் பல வருசமாக அவரிடம் வேலை செய்கிறவர், சொன்னதற்கெல்லாம் தலையாட்டுகிறவர். அன்று பற்றவைப்பை நிறுத்திவிட்டு எழுந்து நின்றார்.

"அண்ணா, கதவு வெட்டறதுக்குத் தகட்டுல நீங்க போட்டுக் குடுத்த கோடு எனக்குப் புரியலீங்க."

ரித்விக்குக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. ஒரு நொடிதான். "நீ எங்க நின்னு பாக்கறே?" என்று கேட்டார். ஜஸ்வந்த் தகட்டுக்கு அந்தப் பக்கத்தைக் காட்டினார். ரித்விக் சுற்றிக்கொண்டு போய் அவர் பக்கத்தில் நின்று, தான் போட்ட கோட்டைப் பார்த்தார். அங்கிருந்து பார்த்தால் அவருக்கே புரியவில்லை.