சண்டைப் பாடவேளை

எட்டாம் வகுப்புச் சுவரில் கற்றல்மானியின் முள் அசைவேனா என்றது. பிள்ளைகளின் காதுமடலில் மாட்டிய வளையம், மூளையில் புதிதாக எது ஒட்டினாலும் மானிக்குச் சொல்லிவிடும். எந்த மொழி ஒட்டியது என்பதுகூட மானியின் பலகையில் ஓடும். இப்படியொரு கருவி வந்த பிறகு ஆசிரியர்கள் யாரை ஏமாற்றுவது?

தென்காசிப் பக்கத்து அந்தப் பள்ளிக்கு இனி ஓர் ஆங்கில ஆசிரியர் போதும் என்று உத்தரவு வந்திருந்தது. இருப்பதோ இரண்டு பேர். மானி யாருக்கு அதிகம் காட்டுகிறதோ அவருக்கு வேலை; மற்றவர் வீட்டுக்கு. முனைவர் இமாகுலேட் கோட்பாட்டுக்காரர். பிள்ளைகள் தாமாகப் பேசட்டும், பிழை திருத்தாதீர்கள் என்பார். ஆவுடையப்பனோ தொண்டை வற்றக் கத்தி, ஒவ்வொரு வாக்கியத்தையும் திருப்பிச் சொல்லவைத்தே பழகியவர். இருவர் பாடத்திலும் முள் படுத்தே கிடந்தது.

"உங்க தியரிய வச்சு நாக்கு வழிக்கவா டீச்சர்?" என்றார் ஆவுடையப்பன், வகுப்பு வாசலில்.

"நீங்க பிள்ளைகள கிளியாக்குதீங்க சார்!"

அதற்கு மேல் பிள்ளைகளுக்குப் புரியக் கூடாதென்று இருவரும் ஆங்கிலத்துக்கு மாறினார்கள். நம் ஊரில் படித்தவர்கள் சண்டை போடும் முறையே அதுதானே! இரவல் கருத்து, துருப்பிடித்த மண்டை என்று இரு பக்கமும் வசவு பறந்தது. பிள்ளைகள் காதைத் தீட்டிக்கொண்டார்கள். முள் எகிறி உச்சியில் போய் முட்டியது.

"நிறுத்திராதீங்க, நல்லா போடுங்க!" என்று கையெடுத்துக் கும்பிட்டார் தலைமையாசிரியர் பேச்சிமுத்து.

கல்வித் துறைக்குச் சேதி போனது. பதில் வர மூன்று மாதம். அதுவரை வாசலில் தாராளமாகச் சண்டை நடந்தது, முள்ளும் இறங்கவில்லை. கடைசியில் ஆணை வந்தது: இரண்டு வேலையும் இருக்கட்டும், தினம் ஒரு பாடவேளை சண்டை. தலைப்பு, நோக்கம், பயிற்சி வினா எல்லாம் அச்சாகியே வந்தன.

மறுநாள் இருவரும் கரும்பலகை முன் நின்று பாடத்திட்டப்படி திட்டிக்கொண்டார்கள். பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். முள் தொப்பென்று விழுந்தது.

"இப்படியே போனா ரெண்டு வேலையும் காலி," என்றார் பேச்சிமுத்து.

இமாகுலேட்டை மூலைக்கு அழைத்து, என்ன செய்யலாம் என்று ஆங்கிலத்தில் கேட்டார் ஆவுடையப்பன். முன்வரிசை சுடலைவடிவு எழுந்து, பிசிறில்லாத ஆங்கிலத்தில் பதில் சொன்னாள்: "நிஜமாகவே சண்டை போடுங்கள், சார்."

ஆசிரியர்கள் இருவருக்கும் உச்சி குளிர்ந்திருக்க வேண்டும், ஆனால் பயம்தான் வந்தது. இனி இவர்கள் முன்னால் எந்த மொழியில் ரகசியம் பேசுவது? இமாகுலேட்டுக்கு மார்த்தாண்டம், ஆவுடையப்பனுக்குச் செங்கோட்டை. இரண்டும் கேரள எல்லையோர ஊர்கள்; இருவருக்கும் மலையாளம் தண்ணீர்பட்ட பாடு. சட்டென்று அதற்குத் தாவி, வேலையைக் காப்பாற்ற வழி தேடிக் குசுகுசுத்தார்கள்.

பிள்ளைகளின் கொட்டாவி நின்றது. தலைகள் முன்னால் சாய்ந்தன. முள் விறுவிறுவென்று ஏறியது.

பேச்சிமுத்து ஆசையாக ஓடிவந்து, பலகையில் ஓடிய மொழியின் பெயரைப் படித்தார். தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

"அட, மலையாளத்துக்கு நம்ம பள்ளிக்கூடத்துல போஸ்டே கிடையாதேய்யா!"