கசிவில்லாத முந்நூறாவது நாள்

போன் அலறியது!

காலை பத்தேகால். இன்ஸ்பெக்டர் எடுத்தார்.

"சார்... கழிவுநீர் நிலையத்து மானேஜர் பேசறேன். எங்க ஆளு ஒருத்தர் வால்வு குழிக்குள்ள செத்துக் கெடக்கிறார்! ஹார்ட் அட்டாக்னு நினைக்கிறேன்..."

"நினைக்கிறதை அப்புறம் வெச்சுக்கலாம். யாரும் குழியில இறங்காதீங்க! ஃபயர் சர்வீஸுக்குச் சொல்லிட்டு வர்றேன்!"

அவர் போய்ச் சேர்ந்தபோது, கேட்டில் வாட்ச்மேன் சாக்பீஸும் கையுமாக நின்றான். எதிரே ஒரு கரும்பலகை.

'கசிவில்லாத நாள்: 299.'

ஊர்ச் சாக்கடையிலிருந்து கிளம்பும் வாயு முன்பெல்லாம் சும்மா வானத்துக்குப் போய் பூமியைச் சூடாக்கிக்கொண்டிருந்தது. மூன்று வருடமாக அதைப் பிடித்துக் குழாயில் அடைத்துக் கரண்ட் எடுக்கிறார்கள். குழாய் கசிந்தால் குழியில் உள்ள மெஷின் கத்தும். ஒரு தடவை கத்தினாலும் பலகையில் பூஜ்யம்! முந்நூறைத் தொட்டால் நகரத்துக்கே சான்றிதழ்.

தீயணைப்பு வீரர்கள் உடலை மேலே தூக்கிக் குழியருகே புல்தரையில் கிடத்தியிருந்தார்கள்.

காக்கிச் சட்டை. நரைத்த மீசை. கையில் இன்னும் ஸ்பானர்.

பக்கத்தில் மண்டியிட்டு ஒரு பெண், அவர் காலணியின் சேற்றைத் துப்பட்டாவால் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"இவரை 'மூக்கு'ன்னுதான் சார் கூப்பிடுவோம்," என்றார் மானேஜர். வழுக்கைத் தலையெல்லாம் வியர்வை. "முப்பதடி தள்ளி நின்னே கசிவை மோப்பம் பிடிச்சிடுவாரு. இது அவரு பொண்ணு. எவ்வளவு வாயு கசியுதுன்னு ரிப்போர்ட் எழுதறது இவங்கதான்."

"உதடு நீலமா இருக்கு. விஷவாயு!" என்றார் இன்ஸ்பெக்டர்.

"இல்ல!" அவள் வெடுக்கென்று நிமிர்ந்தாள். "ஹார்ட் அட்டாக்தான் சார்! கசிவு இருந்தா அப்பா இறங்கியே இருக்க மாட்டாரு. அவரு மூக்கு ஏமாறாது சார்... ஏமாறவே ஏமாறாது!"

குழிக்குள்ளிருந்து முகமூடி போட்ட தீயணைப்பு வீரர் குரல் கொடுத்தார்.

"சார்! மெஷின் வாயில யாரோ பிளாஸ்டிக் கவரை மாட்டியிருக்காங்க!"

"எடுங்க!"

எடுத்தார்.

கீ...ஈ...ஈ...!

நிலையமே அதிர்ந்தது. மானேஜர் நாலடி பின்னால் தாவினார்.

வீரர் மேலே வந்து கவரை நீட்டினார். அதைச் சுற்றிக் கட்டியிருந்தது, ஒரு கறுப்பு ரப்பர் பேண்ட். அதில் சிக்கிக்கொண்டு நீளமாய் ஒரு முடி.

"சார், சத்தியமா நான் இல்ல!" என்றார் மானேஜர்.

"தெரியுது. உங்க தலைக்கு இது அநாவசியச் செலவு."

இன்ஸ்பெக்டர் அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பினார்.

"எத்தனை நாளா கட்டியிருக்கும்மா?"

அவள் கை காலணியைத் துடைத்துக்கொண்டிருந்தது.

"நாலு நாள்... புது வால்வு சார்... லேசா கசிஞ்சாலும் மெஷின் கத்திடும். இன்னைக்கு முந்நூறைத் தொடற வரைக்கும்தான்னு நினைச்சேன். அப்பாவுக்கு எதுக்கு சார் மெஷின்? அவருதான் மோப்பம் பிடிச்சிடுவாரே! இத்தனை வருஷமா மெஷின் இல்லாமத்தானே..."

இன்ஸ்பெக்டர் செத்தவரின் சட்டைப்பையில் கை விட்டார். நாலாய் மடித்த ஒரு மருந்துச் சீட்டு. அதிலிருந்த நம்பருக்கு போன் போட்டு ஸ்பீக்கரைத் தட்டினார்.

"காது மூக்கு டாக்டர்தான் பேசறேன்... ஆமா, தெரியும். நாலு மாசம் முன்னாடி காய்ச்சல் வந்து அவருக்கு வாசனையே சுத்தமாப் போயிடுச்சு. வேற வேலை பாருங்கன்னு சொன்னேன். 'பொண்ணு கூடவே வேலைக்குப் போய்ட்டு வர்றேன் டாக்டர், ரிடையர் ஆகிற வரைக்கும் அந்த சந்தோஷம் போதும். யாருக்கும் சொல்லிடாதீங்க. இனிமே மெஷின்தான் என் மூக்கு'ன்னு சிரிச்சாரு. ஏன் சார், அவருக்கு என்ன?"

இன்ஸ்பெக்டர் போனை வைத்தார்.

அவள் துடைப்பதை நிறுத்தினாள்.

"போன வாரம் அடுப்புல பால் தீஞ்சு கருகிப் போச்சு சார்... பக்கத்துலயே உக்காந்து பேப்பர் படிச்சிட்டிருந்தாரு. 'கண்ணு தெரியலையா, மூக்கு தெரியலையா'ன்னு கத்தினேன். ஒண்ணுமே சொல்லல சார். எழுந்து போய்ப் பாத்திரத்தைத் தேய்ச்சாரு..."

அப்பாவின் மார்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"அப்பா... ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாப்பா!"

அவளும்தான் சொல்லவில்லை. ஒரே வீடு, ஒரே ஆபீஸ், ஆளுக்கொரு ரகசியம். எத்தனையோ கொலையைப் பார்த்த இன்ஸ்பெக்டருக்குக் கண் கலங்கியது. விலங்கை எடுக்க மனசு வரவில்லை. ஆனாலும் சட்டம் சட்டம்தான்.

"வாம்மா," என்றார் மெதுவாக.

ஜீப் கேட்டைத் தாண்டும்போது வாட்ச்மேன் ஓடி வந்தான்.

"சார்... முந்நூறு போடத்தான் காத்திருந்தேன். இப்போ மெஷின் கத்திடுச்சே... பூஜ்யம் போடட்டுங்களா?"

இன்ஸ்பெக்டர் பின் சீட்டைப் பார்த்தார். பலகையைப் பார்த்தார்.

"தாராளமாப் போடுய்யா! நாலு நாளா புளுகின போர்டு, இன்னைக்கு ஒரு நாளாவது நிஜம் பேசட்டும்!"