இக்கரை

ஆற்றில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. ஆனாலும் யாரோ துணி துவைக்கும் சத்தம் கேட்டது.

ஜெயகௌரி பேனையை நிறுத்தினாள். மடியில் கிராமசேவகர் ஹலீம் கொடுத்த படிவம். 'கிராமத்தின் புவியியலும் பின்னணியும்' என்று தலைப்பு. தமிழ்நாட்டு முகாமில் இருபத்தொரு வருடம் கழித்துவிட்டு இலங்கைக்குத் திரும்பிவந்த நாற்பத்தொரு குடும்பங்களும் தறப்பாள் கூரைக் கொட்டில்களில் வெந்துகொண்டிருந்தன. வீட்டுத்திட்டத்தில் ஊர் சேரவேண்டுமென்றால் நாலு மணிக்குள் படிவம் ஹலீமின் கந்தோர் மேசைக்குப் போகவேண்டும். நாலு எழுத்துத் தெரிந்தவள் என்று அவள் தலையில் கட்டிவிட்டார்கள்.

இக்கரை: குடியிருப்பு. அக்கரை: கண்ணிவெடி, ஆட்கள் இல்லை. அங்கே சிவப்புப் பலகைகள் மண்டையோட்டுப் படத்தை ஊருக்குக் காட்டியபடி வரிசையாக நின்றன.

காணாமற்போனோர்: இல்லை.

காலையில் ஹலீம் அந்த இடத்தில் விரலை வைத்திருந்தார். "தங்கச்சியின்ர பேரைப் போடேல்லையோ?"

"போட்டால் இன்னும் பத்துக் கடுதாசி கேப்பினம், சேர். இல்லையெண்டே இருக்கட்டும்."

சொன்னபோது அழுகை வரவில்லை. எதுவுமே வரவில்லை. தொண்ணூறில், ஆறு பெருகியிருந்த இரவில், எட்டு வயதுத் தங்கச்சி கிருஷாந்தினியின் கையைப் பிடித்துக்கொண்டு கடந்தவள் அவள்தான். கை வழுக்கியதா, தானே விட்டாளா என்று அவளுக்கே தெரியாது. இப்போது அதைக் கேட்டுப் பார்க்கவும் அலுப்பாக இருந்தது.

தப், தப்.

உச்சி வெயிலில் மருதமரங்களின் நிழல் காலடிக்குள் சுருண்டு கிடக்க, காய்ந்த மணலின் சூட்டு மணத்துக்கு நடுவே நனைந்த துணியும் பழஞ்சேறும் கலந்த ஒரு வாடை மூக்கில் ஏற, யாராவது பிள்ளை தவறிப்போய் வெடிப்பக்கம் இறங்கிவிட்டதோ என்று அவள் எழுந்து சத்தத்தை நோக்கி நடந்தாள்.

"அக்கா, எழுதி முடிஞ்சுதோ?"

சின்னக் குரல்.

"ஆரது? எந்தக் கரையில நிக்கிறீர்?"

"இக்கரையிலதான்."

அப்பாடா என்றிருந்தது. இக்கரை என்றால் பயமில்லை. மரங்களுக்கிடையே குரல் போன பக்கமாகவே நடந்தாள். செருப்பையும் மீறி மணல் சுட்டது. பிறகு சுடவில்லை. தப், தப். இன்னும் கொஞ்சத் தூரம். வாடை தொண்டைவரை வந்தது.

சத்தம் நின்றது.

"என்னை எழுதினனியோ, அக்கா?"

அவள் குனிந்து பார்த்தாள். படிவம் கையில் நனைந்திருந்தது. 'இல்லை' என்ற சொல்லின் மை மட்டும் கரைந்து விரலில் வழிந்தது.

கொட்டில்களைத் தேடினாள். ஆற்றுக்கு அந்தப் பக்கம், தூரத்தில், நீலத் தறப்பாள்கள். அவளுக்கும் அவற்றுக்கும் நடுவே சிவப்புப் பலகைகள்.

ஒன்றிலும் மண்டையோடு இல்லை. வெறும் பலகை. ஆணி முனைகள்.

அவள் பார்த்தது பலகைகளின் முதுகு.

அக்கரையில் நிற்பவர்களும் தங்கள் கரையை இக்கரை என்றுதான் சொல்வார்கள்.

ஆற்று மணலில் ஊரிலிருந்து இங்கேவரை அவளுடைய செருப்புத் தடம். அதோடு ஒட்டியபடி, வழி முழுக்க, ஒரு சின்ன வெறுங்கால் தடம். அதன் ஒவ்வொரு குழியிலும் தண்ணீர்.

ஈரமான சிறிய விரல்கள் அவள் கைக்குள் நுழைந்தன.

இந்த முறை, பிடித்திருந்தது அவளல்ல.